ஒன்றே முக்கால் மைல்

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், எங்கள் ஊரில் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய அபார்ட்மென்ட் வளாகம் இருக்கிறது. அதன் வாசலிலிருந்து நடுநிலைப் பள்ளியின் வாசல் வரை ஒன்றே முக்கால் மைல். காரில் போனால் ஐந்து நிமிடம். நான் அதை நடந்து அளந்தேன். 2023 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, என் ஒன்பது வயது மகளையும் கூட்டிக்கொண்டு, ஊர்ப் பள்ளிகளை நடத்தும் சபையான ஸ்கூல் போர்டின் தேர்தலுக்கு நின்றிருந்த ஒரு பெண்மணியோடு போனேன். அவர் 22 வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தெட்டு. எங்கள் இருவரையும்விட வேகமாக நடந்தார்.

முதல் அரை மைல் நல்ல நடைபாதை. பெட்ரோல் பங்க்கைத் தாண்டியதும் நடைபாதை நின்றுபோகிறது. அப்புறம் புல், புல்லுக்கு அப்பால் வடிகால் பள்ளம், இந்தப் பக்கம் நான்கு வழிச் சாலை. லாரி போகும்போது என் மகளின் தலைமுடி பறந்தது. அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பள்ளி வாசலுக்கு வந்து சேர 46 நிமிடம் ஆனது. அந்த அம்மா தன் சின்ன நோட்டில் எழுதினார்: நடைபாதை இல்லாத தூரம் எவ்வளவு, எத்தனை இடத்தில் சாலையைக் கடக்க வேண்டும், எந்தச் சந்திப்பில் நடப்பவர்களுக்கு சிக்னல் இல்லை. எழுதிவிட்டு என்னிடம் சொன்னார்: "பனி பெய்தால் அந்தப் புல் இருக்காது. பனியைத் தள்ளும் வண்டி எல்லாவற்றையும் அங்கேதான் குவிக்கும். பிள்ளைகள் சாலையில்தான் நடப்பார்கள்."

இந்த நடையிலிருந்துதான் அந்தத் தேர்தல் எனக்குத் தொடங்கியது.

நான் நியூ ஜெர்சிக்கு வந்தது 2006இல். கிரீன் கார்டு வந்தது 2017இல். குடியுரிமை உறுதிமொழி எடுத்தது 2023 மார்ச்சில். வாக்காளராகப் பதிவு செய்துகொண்ட அன்று மனதில் இருந்ததெல்லாம் அடுத்த ஆண்டு வரப்போகும் அதிபர் தேர்தல்தான். அதற்கு முன்பே நவம்பரில் ஒரு தேர்தல் வருகிறது, அதில் என் மகளின் பள்ளியை நடத்தும் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது பதினேழு வருடம் இதே மாநிலத்தில் இருந்தும் என் கவனத்தில் இல்லை. நாம் வீடு பார்க்கும்போது முதலில் பார்ப்பது பள்ளியின் மதிப்பெண்ணைத்தான். பத்துக்கு ஒன்பதா, எட்டா என்று பார்த்துப் பல லட்சம் டாலர் கடனில் கையெழுத்துப் போடுகிறோம். அந்த ஒன்பதை ஒன்பதாக வைத்திருப்பது யார் என்று நம்மில் பெரும்பாலோர் கேட்பதில்லை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். நியூ ஜெர்சியில் ஏறத்தாழ 600 பள்ளி மாவட்டங்கள், அதாவது ஊர்ப் பொதுப்பள்ளிகளை நடத்தும் அமைப்புகள், இருக்கின்றன. சின்ன மாநிலத்துக்கு இது மிக அதிகம். பெரும்பாலானவற்றில் தேர்ந்தெடுக்கப்பட்ட போர்டு, பொதுவாக ஒன்பது பேர். பதவிக்காலம் மூன்று வருடம், சம்பளம் கிடையாது. வருடத்துக்கு மூன்று பேர் என்று சுழற்சியில் மாறுவதால் கிட்டத்தட்ட எல்லா வருடமும் தேர்தல் உண்டு. கட்சிச் சின்னம் இல்லை. முன்பெல்லாம் இது ஏப்ரலில் தனியாக நடந்தது. 2012இல் வந்த சட்டத்துக்குப் பிறகு பெரும்பாலான ஊர்கள் நவம்பர் பொதுத்தேர்தலோடு சேர்த்துவிட்டன. அப்படிச் சேர்த்த ஊர்களில், வரி உயர்வு 2 சதவீத வரம்புக்குள் இருந்தால் பள்ளி பட்ஜெட்டை மக்கள் வாக்குக்கு விட வேண்டியதில்லை. அதாவது முன்பு ஏப்ரலில் பட்ஜெட்டுக்கே நேரடியாக வாக்களித்தார்கள். இப்போது அந்த பட்ஜெட்டை நிறைவேற்றும் ஒன்பது பேருக்குத்தான் வாக்களிக்கிறோம். ஆகவே அந்த ஒன்பது பேர் யார் என்பது முன்னைவிட இப்போது முக்கியம்.

2023இல் இந்த மாநிலத்தில் ஒரு வீட்டின் சராசரி சொத்து வரி 9,800 டாலருக்குச் சற்று மேல். அதில் பாதிக்கும் மேல் பள்ளிகளுக்குப் போகிறது.

போர்டு உறுப்பினர்களுக்கென்று மாநிலச் சட்டத்தில் ஒரு நடத்தை விதி இருக்கிறது, பத்து உறுதிமொழிகள். அதில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது: பள்ளிகளை நிர்வாகம் செய்வது என் வேலை இல்லை, அவை நன்றாக நிர்வகிக்கப்படுகின்றனவா என்று சக உறுப்பினர்களோடு சேர்ந்து பார்ப்பதே என் பொறுப்பு. நம் ஊரில் பதவி என்றால் உள்ளே புகுந்து ஆட்டிவைப்பது என்றே பார்த்துப் பழகிய எனக்கு இந்த வாக்கியம் புதிதாக இருந்தது. இவர்கள் ஆசிரியரைக் கூப்பிட்டு மார்க் போடச் சொல்ல முடியாது. மாவட்டப் பள்ளிகளின் தலைமை அதிகாரியான கண்காணிப்பாளரை நியமிப்பார்கள், கொள்கை வகுப்பார்கள், பட்ஜெட்டை நிறைவேற்றுவார்கள். பேருந்து ஓடுமா ஓடாதா என்பது அந்த பட்ஜெட்டில் ஒரு வரி.

அந்த ஒரு வரிதான் எங்கள் ஊரின் பிரச்சினை. நியூ ஜெர்சி சட்டப்படி எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளையின் வீடு பள்ளியிலிருந்து இரண்டு மைலுக்கு மேல் இருந்தால் மாவட்டம் பேருந்து விட்டே ஆக வேண்டும். உயர்நிலைப் பள்ளிக்கு அது இரண்டரை மைல். அதற்குக் குறைவான தூரத்துக்கு விடும் பேருந்துக்கு 'கர்ட்டசி பஸ்ஸிங்' என்று பெயர், மரியாதைக்கு விடுவது. கட்டாயம் இல்லை. தூரத்தை அளப்பது வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசலுக்குப் பொதுச் சாலை வழியாகப் போகும் மிகக் குறுகிய வழியில். வழியில் நடைபாதை இருக்கிறதா இல்லையா என்பது அந்த இரண்டு மைல் கணக்கில் வராது.

மாநிலம் 2018இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பள்ளிகளுக்கான உதவித்தொகையை மறுபங்கீடு செய்து, சில மாவட்டங்களுக்கு ஏழு வருடத்தில் படிப்படியாகக் கூட்டியும் சிலவற்றுக்குக் குறைத்தும் வந்தது. எங்கள் மாவட்டம் குறைந்த பக்கம். வரியையும் பொதுவாக 2 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது. ஆசிரியர்களின் மருத்துவக் காப்பீட்டுச் செலவோ ஏறிக்கொண்டே போகிறது. அப்போது எதை வெட்டுவது? கட்டாயம் இல்லாததைத்தான் முதலில் வெட்டுவார்கள். அந்த வளாகத்துப் பேருந்துகளை நிறுத்தலாம், அல்லது பெற்றோர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு ஓட்டலாம் என்று போர்டில் பேச்சு வந்தது. யாரையும் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கணக்கு அப்படித்தான் இருந்தது.

அந்த வளாகத்தில் இருப்பவர்கள் யார் என்று உங்களுக்கே தெரியும். இந்தியாவிலிருந்து புதிதாக வந்த குடும்பங்கள். தமிழ், தெலுங்கு, மராத்தி, குஜராத்தி. கணவன் ரயிலேறி நியூயார்க் போகிறார். ஒரே கார். மனைவி, வேலை விசாவில் வந்தவரின் துணைக்குத் தரும் H-4 விசாவில், பலருக்கு வேலை செய்ய அனுமதி இல்லை, சிலருக்கு ஓட்டுநர் உரிமமும் இன்னும் வரவில்லை. பேருந்து நின்றால் அந்தப் புல்லில் நடக்கப்போவது இவர்களின் பிள்ளைகள். இவர்களில் ஒருவருக்கும் ஓட்டு இல்லை.

இதை நான் புள்ளிவிவரமாகத் தெரிந்துகொள்ளவில்லை. பிரசாரத்துக்குப் போகும்போது கவுண்டியின் (பல ஊர்கள் சேர்ந்த நிர்வாகப் பிரிவின்) வாக்காளர் பட்டியலிலிருந்து எடுத்த ஒரு நடைப் பட்டியலைக் கையில் கொடுப்பார்கள். எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று அதில் இருக்கும். தனி வீடுகள் உள்ள தெருவில் பட்டியல் நீளமாக இருந்தது, ஒரு வீடு விடாமல் தட்டினோம். அந்த வளாகத்தில் ஒரு கட்டடத்துக்கு 24 வீடு. முதல் கட்டடத்துக்கு என் பட்டியலில் இருந்தது மூன்று கதவு. மற்ற 21 கதவுக்கு முன்னாலும் செருப்பு இருந்தது, கோலம் இருந்தது, குட்டி சைக்கிள் சாய்த்து வைத்திருந்தது. ஒரு வீட்டிலிருந்து ரசம் தாளிக்கும் வாசனை வந்தது. எனக்கு அந்தக் கதவைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. தட்டினேன். திறந்த பெண் ஈரோட்டுக்காரர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அக்கா, எங்களுக்கு ஓட்டு கெடையாதே, எங்ககிட்ட எதுக்கு வந்தீங்க?" என்றார். குறையாகக் கேட்கவில்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டார். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

எங்கள் தெருவிலேயே ஒரு மதுரைக்கார அண்ணன் இருக்கிறார். 2004இல் வந்தவர். மகள் 2005இல் இங்கே பிறந்தாள். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் 2008இல் சென்னை போய்விட்டு 2012இல் திரும்பினார். கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்தது 2013இல். எந்த நாட்டுக்கும் ஆண்டு ஒதுக்கீட்டில் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற விதியால் இந்தியர்களின் வரிசை நகர்வதே இல்லை. அந்த நவம்பரில் அவருடைய பிரிவில் 2012 ஜனவரிக்கு முன் விண்ணப்பித்தவர்களைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வீடு வாங்கிவிட்டார், வரி கட்டுகிறார், பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு வருடா வருடம் நடுவராகப் போகிறார். என்னைப் பார்த்ததும் சொன்னார்: "ஏம்மா, வரி நான் கட்டுறேன், ஓட்டு மட்டும் நீங்க போடுறீங்க. அப்ப எனக்கும் சேத்துத்தான் யோசிச்சுப் போடணும்." அதற்குப் பிறகு அந்த அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் எங்கள் தேர்தல் அலுவலகம். அண்ணி தேநீர் போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

இப்படி இருக்கத்தான் வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். நியூயார்க் நகரத்தில் வட்டாரப் பள்ளிக் குழுக்கள் இருந்த காலத்தில், குடியுரிமை இல்லாத பெற்றோர்களும் அவற்றுக்கு வாக்களித்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் 2016இல் மக்களே வாக்களித்து, குடியுரிமை இல்லாத பெற்றோர்கள் ஸ்கூல் போர்டு தேர்தலில் வாக்களிக்க வழி செய்தார்கள். 2022இல் ஒரு நீதிமன்றம் அதைத் தடுத்தது, 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுபடி செல்லும் என்றது. எங்கள் மாநிலத்திலேயே நியூவார்க் நகரசபை 2024 ஜனவரியில், 16, 17 வயதுப் பிள்ளைகள் ஸ்கூல் போர்டு தேர்தலில் வாக்களிக்கலாம் என்று தீர்மானம் போட்டது. பள்ளி யாருடையது என்ற கேள்விக்கு ஊருக்கு ஊர் வேறு வேறு பதில் சொல்கிறார்கள். குடியுரிமை இல்லாத பெற்றோருக்கு இந்த ஒரு வாக்கு இருக்க வேண்டும் என்பதுதான் என் நிலைப்பாடு. பிள்ளை அந்த வகுப்பறையில் உட்கார்ந்திருக்கிறது, வரியோ வாடகையோ அந்த வீட்டிலிருந்து போகிறது. இதற்கு மேல் என்ன தகுதி வேண்டும்?

அந்த வருடம் எங்கள் ஊரில் மூன்று இடத்துக்கு ஆறு பேர் நின்றார்கள். நிற்பது எளிது. பதிவு பெற்ற வாக்காளர்கள் பத்துப் பேர் கையெழுத்திட்ட மனு, மாவட்டத்தில் ஒரு வருட வசிப்பு, பெரும்பாலும் அவ்வளவுதான். ஜூலை கடைசித் திங்கள் மாலை நான்கு மணிக்குள் கவுண்டி கிளார்க்கிடம் கொடுக்க வேண்டும். போர்டோடு ஒப்பந்தமோ வழக்கோ உள்ளவர் பதவியில் இருக்க முடியாது. வாக்குச்சீட்டில் யார் பெயர் மேலே வரும் என்பதைக் குலுக்கிப் போட்டு எடுக்கிறார்கள். இதைக் கேட்டதும் எனக்கு உத்திரமேரூர்தான் நினைவுக்கு வந்தது. பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டில் குடத்தில் ஓலை போட்டு எடுப்பது மட்டும் இல்லை, கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் நிற்கக் கூடாது என்பதும் இருக்கிறது. பொதுப்பணத்தைத் தொடப்போகிறவனிடம் முதலில் கேட்கவேண்டியது எது என்பதில் ஆயிரத்து நூறு வருட இடைவெளியில் இரண்டு ஊர்களும் ஒத்துப்போவதைப் பார்த்து மனது நிறைந்தது.

ஆறு பேரில் ஒருவர் இந்தியர். நல்லவர், படித்தவர், எங்கள் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுக்கு இரண்டு முறை வந்து பிள்ளைகளுக்குப் பரிசு கொடுத்தவர். வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே செய்தி: நம்ம ஆள், நம்ம ஆளுக்கு மட்டும் போடுங்கள், மற்ற இரண்டு இடத்தைக் காலியாக விடுங்கள். மூன்று பேருக்குப் போடலாம் என்னும்போது ஒருவருக்கு மட்டும் போட்டால் அவருடைய போட்டியாளர்களுக்கு உங்கள் வாக்கு போகாது. இது பழைய உத்தி, சட்டப்படி சரிதான். அவருடைய அறிக்கையின் மையம் கணிதம். நான்காம் வகுப்பிலிருந்தே, பாடத்தை முன்கூட்டியே வேகமாக நடத்தும் தனி வேகப் பிரிவு வேண்டும் என்பது. பேருந்தைப் பற்றிக் கேட்டபோது, "பணம் படிப்புக்குத்தான் போக வேண்டும், பேருந்துக்குப் பெற்றோர்கள் கட்டணம் கட்டிக்கொள்ளலாம்" என்றார்.

'நம்ம ஆள்' என்று சொல்பவர்களைச் சும்மா ஒதுக்கிவிட என்னால் முடியாது. காரணம் இருக்கிறது. 2017 நவம்பரில் எங்கள் மாநிலத்தின் எடிசன் ஊரில், தேர்தலுக்குச் சில நாட்களே இருக்கும்போது வீடு வீடாக ஒரு அஞ்சலட்டை வந்தது. ஸ்கூல் போர்டுக்கு நின்றிருந்த ஜெர்ரி ஷி, ஃபால்குனி படேல் இருவரின் படத்தையும் போட்டு, மேலே 'நாடுகடத்து' என்று முத்திரை குத்தியிருந்தார்கள். சீனர்களும் இந்தியர்களும் ஊரைப் பிடித்துக்கொள்கிறார்கள், சீனப் பள்ளி, இந்தியப் பள்ளி, கிரிக்கெட் மைதானம், போதும் போதும் என்று அச்சடித்திருந்தது. ஒரு லட்சம் பேர் வாழும் ஊர், அதில் பாதி ஆசியர்கள். ஓக் ட்ரீ ரோட்டில் நாம் காய்கறி வாங்கும் ஊர். எங்கள் தெரு ஆட்கள் அந்த அட்டையின் படத்தை இன்றும் போனில் வைத்திருக்கிறார்கள். அந்தத் தேர்தலில் இருவரும் ஜெயித்தார்கள். அந்தக் காயம் உள்ளவர்கள் 'நம்ம ஆள்' என்று சொன்னால் அதில் வெறும் இன அபிமானம் மட்டும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. இங்கே நாமும் இருக்கிறோம் என்று சொல்லும் குரல் அது.

ஆனால் எனக்கு இன்னொரு ஊரும் நினைவில் இருந்தது. பிரின்ஸ்டன் பக்கத்தில் வெஸ்ட் வின்ட்சர்-பிளைன்ஸ்போரோ. 2015இல் அந்த மாவட்டத்தின் கண்காணிப்பாளர் டேவிட் அடர்ஹோல்ட் பெற்றோர்களுக்கு 16 பக்கக் கடிதம் எழுதினார். முந்தைய கல்வியாண்டில் மட்டும் 120 மாணவர்களை மனநலப் பரிசோதனைக்குப் பரிந்துரைக்க வேண்டியிருந்தது, 40 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள் என்று அதில் இருந்தது. அதற்குப் பிறகு உயர்நிலைப் பள்ளிகளில் அரையாண்டு, முழுஆண்டுத் தேர்வுகளை நிறுத்தினார்கள், வீட்டுப்பாடம் இல்லாத இரவுகளைக் கொண்டுவந்தார்கள், நான்காம் வகுப்பில் தொடங்கிய கணித வேகப் பிரிவை ஆறாம் வகுப்புக்குத் தள்ளினார்கள். எதிர்த்து எழுந்தவர்களில் பெரும்பாலோர் ஆசியப் பெற்றோர்கள், நம்மவர்களும் அதில் நிறைய. அவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். இந்த நாட்டில் நமக்கு மாமன், மச்சான் சிபாரிசு இல்லை, படிப்பு ஒன்றுதான் கைப்பிடி. ஆனால் நாற்பது பிள்ளைகள் மருத்துவமனையில் கிடந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கணித வகுப்பைப் பற்றிப் பேச எனக்கு நா எழாது. பள்ளிக் கூட்டத்தில் நம் குரல் எப்போதும் நம் பிள்ளையின் கணக்குக்காக மட்டுமே ஒலித்தால், மற்றவர்களுக்கு நாம் அப்படித்தான் தெரிவோம்.

எங்கள் தேர்தல் நடந்த 2023 கோடையில் மான்மவுத் கவுண்டியில் மிடில்டவுன், மார்ல்போரோ, மனலாப்பன்-இங்கிலிஷ்டவுன் என்ற மூன்று மாவட்டங்கள், பிள்ளை தன் பாலின அடையாளத்தை மாற்றிக்கொண்டால் பள்ளி பெற்றோருக்குச் சொல்ல வேண்டும் என்று கொள்கை கொண்டுவந்தன. மாநிலம் வழக்குப் போட்டது, நீதிமன்றம் ஆகஸ்டில் இடைக்காலத் தடை விதித்தது. எங்கள் ஊருக்கும் அதைப் பற்றியே வண்ண வண்ணமாக அட்டைகள் வந்தன. தபால்பெட்டியில் ஒரு வாரத்தில் நான்கு. ஒன்றில்கூடப் பேருந்து என்ற சொல் இல்லை. அந்தப் பிள்ளைகள் நிம்மதியாகப் பள்ளிக்கு வர வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அந்த அட்டைகளை அடித்தவர்கள் எங்கள் ஊர்க் கண்காணிப்பாளரின் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள்.

அந்தப் பேருந்து அம்மாவிடம் அட்டை அடிக்கப் பணம் இல்லை. புல்வெளியில் நடும் பலகை நூறு வாங்கினார். கையால் எழுதிய கடிதங்கள், அண்ணன் வீட்டு மேசையில் உட்கார்ந்து நாங்கள் எல்லோரும் எழுதியவை. கதவைத் திறப்பவர்களிடம் அவர் முதலில் கேட்டது, "உங்கள் பிள்ளை எந்தப் பேருந்தில் போனான்?" என்பதுதான். பாதிப் பேருக்கு அவர் ஓட்டிய பேருந்தின் எண் நினைவிருந்தது. இப்போது வேலைக்குப் போகும் ஒரு பையன், தான் அழுதுகொண்டு பள்ளிக்குப் போன முதல் நாள் இவர் தன்னை ஓட்டுநருக்குப் பின்னாலேயே உட்காரவைத்ததைச் சொன்னான். பெரிய வீடுகள் இருக்கும் பக்கத்தில் சிலர் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேருந்து ஓட்டியவருக்கு பட்ஜெட் என்ன தெரியும் என்று நம்மவர் ஒருவரே என்னிடம் கேட்டார். எனக்கு அப்படிக் கோபம் வந்தது. ஊரில் எந்தப் பிள்ளை எந்த வாசலில், எந்த நிலைமையில் நிற்கிறது என்று இருபத்திரண்டு வருடம் தினமும் காலையில் பார்த்தவர் அவர். அந்தக் கணக்கு ஒன்பது பேரில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டாமா?

நவம்பர் 7, செவ்வாய். அதிபரும் இல்லை, ஆளுநரும் இல்லை. மாநிலச் சட்டமன்றத் தேர்தல் மட்டும் உள்ள வருடம், அதனால் கூட்டமே இல்லை. அண்ணனின் மகள் அக்டோபரில் பதினெட்டை முடித்து, ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம். பேருந்தேறி வீட்டுக்கு வந்திருந்தாள். அந்தக் குடும்பத்தில் முதல் ஓட்டு, ஒரே ஓட்டு. அண்ணன் இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு கூட வந்தார். வாக்குச்சாவடி எங்கள் தொடக்கப் பள்ளியின் ஜிம். அவர் உள்ளே வரவில்லை. நடைபாதையில் நின்றுகொண்டார். நாங்கள் வரிசையில் நின்றபோது கண்ணாடி வழியாகப் பார்த்தேன், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, மகளின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வாக்குச்சீட்டில் மாநில செனட்டர், சட்டமன்ற உறுப்பினர், கவுண்டி, நகரசபை எல்லாம் முடிந்து கடைசியில் இருந்தது ஸ்கூல் போர்டு. மேலே கட்சியைப் பார்த்துப் போட்டுவிட்டு, பெயர் தெரியாததால் கடைசியை வெறுமையாக விட்டுவிட்டுப் போகிறவர்கள் நிறைய. நான் அன்று கடைசியிலிருந்து தொடங்கினேன்.

இரவு பத்து மணிக்கு அந்த அம்மா மூன்றாவது இடத்தில் இருந்தார். அண்ணி கேசரி கிளறினார். ஆனால் நியூ ஜெர்சியில், தேர்தல் நாளுக்குள் முத்திரை குத்தப்பட்ட தபால் வாக்குகள் ஆறு நாள் கழித்து வந்தாலும் எண்ணுவார்கள். ஒரு வாரம் நாங்கள் கவுண்டியின் இணையதளத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் இடைவெளி குறைந்தது, அப்புறம் மாறிப்போனது. நூறுக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் நான்காவதாக வந்தார். நம்ம ஆள் ஜெயித்தார். அந்த வளாகத்தில் பட்டியலில் இல்லாத கதவுகளை நான் மனதில் எண்ணிப் பார்த்தேன். ஒரே ஒரு கட்டடத்தின் நான்கு மாடிகளிலும் இருக்கும் தாய் தகப்பன்களுக்கு ஓட்டு இருந்திருந்தால், அந்த இடைவெளியில் ஏறத்தாழ பாதி அடைபட்டிருக்கும்.

அந்த அம்மாவிடம் போய் அழுதேன். அவர் அழவில்லை. "ஏப்ரலில் பட்ஜெட்டைப் பற்றி மக்கள் பேசும் விசாரணைக் கூட்டம் இருக்கிறது. அங்கே பேச ஓட்டு வேண்டாம்" என்றார்.

அது உண்மை. நியூ ஜெர்சியில் 1975ஆம் ஆண்டின் திறந்த கூட்டங்கள் சட்டப்படி போர்டு கூட்டத்தை மக்கள் முன்னால்தான் நடத்த வேண்டும், மக்கள் பேச நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும். மைக்கின் முன்னால் வந்து பெயரையும் தெருவையும் சொன்னால் போதும். பாஸ்போர்ட் கேட்க மாட்டார்கள். இதை நான் அந்த வளாகத்தில் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன், இந்த முறை பட்டியல் இல்லாமல். ஈரோட்டுப் பெண்ணிடமும் சொன்னேன். விசாவுக்கு ஏதாவது பிரச்சினை வருமா என்பதுதான் எல்லோருடைய முதல் கேள்வியும். பள்ளிக் கூட்டத்தில் பிள்ளையின் பேருந்தைப் பற்றி ஒரு பெற்றோர் பேசுவது இங்கே உரிமைதான் என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டது.

ஏப்ரல் கடைசியில் அந்த விசாரணைக்கு அந்த வளாகத்திலிருந்து முப்பது பேருக்கு மேல் வந்தார்கள். நாற்காலி போதாமல் பின்சுவரில் சாய்ந்து நின்றார்கள், இடுப்பில் குழந்தையோடு. ஆளுக்கு மூன்று நிமிடம். ஈரோட்டுப் பெண் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார், கை நடுங்கியது. "என் பெண்ணுக்குப் பதினொரு வயது. நான் அவளோடு நடந்து பார்த்தேன். கைக்குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ள அங்கே இடம் இல்லை" என்று ஆங்கிலத்தில் மெதுவாகப் படித்தார். மணி அடிப்பதற்குள் முடித்துவிட்டார். அந்த அம்மா தன் நோட்டைத் திறந்து, நடைபாதை இல்லாத ஒவ்வொரு பகுதியையும் படித்தார். அண்ணனும் பேசினார். பதினொரு வருடமாகக் கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறேன் என்று தொடங்கி, அதற்குள் தொண்டை அடைத்து, அறிவியல் கண்காட்சியைப் பற்றி ஏதோ சொல்லி முடித்தார். அவர் சொல்ல வந்தது அதுவல்ல என்று எனக்குத் தெரியும்.

தொடக்கப் பள்ளிப் பேருந்து ஐந்துக்கு நான்கு என்று தப்பியது. நடுநிலைப் பள்ளிக்குக் கட்டணப் பேருந்து. நம்ம ஆள் இரண்டு பள்ளியின் இலவசப் பேருந்துக்கும் எதிராகத்தான் வாக்களித்தார், ஆனால் கூட்டம் முடிந்ததும் பின்சுவருக்கு வந்து ஈரோட்டுப் பெண்ணிடம் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் அந்தச் சாலையில் அவரும் நடந்து பார்த்ததாகக் கேள்விப்பட்டேன்.

இதை நான் எழுதுவது 2024 ஜூலையில். அந்த அம்மா மறுபடி நிற்கிறார். இந்த முறை அதிபர் தேர்தல் வருடம், வாக்குச்சாவடியில் கூட்டம் இருக்கும், கடைசி மூலையை நிரப்பாமல் போகிறவர்களும் நிறைய இருப்பார்கள். போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டு மேசையில் மனுப் படிவத்தை விரித்தோம். கோடை விடுமுறைக்கு வந்திருந்த மகள் முதலில் கையெழுத்துப் போட்டாள். நான் அடுத்து. பக்கத்து வீட்டு இத்தாலியத் தாத்தா, தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், அவர் மனைவி, போன வருடம் எங்களோடு கடிதம் எழுதிய ஆசிரியை என்று ஒவ்வொருவராக வந்தார்கள். அண்ணனால் கையெழுத்துப் போட முடியாது, பதிவு பெற்ற வாக்காளர்கள்தான் போட வேண்டும். அவர் அட்டையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் பேனாவின் மூடியைத் திறந்து கொடுத்துக்கொண்டிருந்தார். கடைசியில் படிவத்தை வாங்கி, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டு எண்ணினார். பத்து போதும். பதினான்கு இருந்தது.